மருத்துவர்களை அழைத்து வாசலில் நிறுத்தும் நாடு

கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணம், 2022இல் பெங்களூருவில் ஓர் ஆள்சேர்ப்பு மையத்தைத் தொடங்கியது. தென்னிந்தியாவில் செவிலியர் கல்லூரிகள் அதிகம்; ஆங்கிலத்தில் படித்த, அனுபவமும் உள்ள செவிலியர்களை இங்கிருந்து அழைத்துப்போகலாம் என்பது அதன் எண்ணம். அதே ஆண்டின் கடைசியில் சஸ்காட்சவான் மாகாணத்தின் குழு பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. அடுத்த சில மாதங்களில் மனிடோபாவும் அங்கே போனது. சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றில் ஆளில்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவையே இரவிலும் வார இறுதியிலும் மூடிவைத்த காலம் அது. ஆள் தேடிக் கடல் கடந்ததில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2022 நவம்பரில் கனடாவின் புள்ளியியல் துறை, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்த கல்வி விவரங்களை வெளியிட்டது. வெளிநாட்டில் செவிலியர் பட்டம் பெற்றுவிட்டுக் கனடாவில் வாழ்பவர்களில் ஏறத்தாழ 37 சதவீதத்தினர் மட்டுமே படிப்புக்கு நெருக்கமான வேலையில் இருந்தார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களில் இது 41 சதவீதம். கனடாவிலேயே இந்தப் படிப்புகளை முடித்தவர்களிலோ பத்துக்கு ஒன்பது பேர் தத்தம் துறையில் இருக்கிறார்கள். கடல் கடந்து தேடப்பட்ட செவிலியர் டொராண்டோவின் புறநகரில் ஏற்கெனவே வாடகை கொடுத்துக் குடியிருந்தார். விடிவதற்கு முன் எழுந்து கிடங்கு வேலைக்கோ, முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கோ போய்க்கொண்டிருந்தார்.

மறுபுறம் நோயாளிகளின் நிலை. டொராண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் தாரா கிரண் தலைமையில் 2022-23இல் நாடு முழுவதும் நடந்த 'அவர்கேர்' ஆய்வு, கனடாவில் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் இல்லை என்று மதிப்பிட்டது. அந்த நாட்டில் குடும்ப மருத்துவர் இல்லையென்றால் சிறப்பு மருத்துவரிடம் போவது கடினம். சர்க்கரை நோய்க்குத் தொடர் கவனிப்பு கிடையாது. சாதாரணக் காய்ச்சலுக்கும் அவசரப் பிரிவில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மருத்துவர் இல்லாத நோயாளி, இன்னொரு பக்கம் நோயாளி இல்லாத மருத்துவர். இருவரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கவும் கூடும்.

இந்த நிலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கல்வித் தரம். வெளிநாட்டுப் படிப்பு எப்படிப்பட்டதோ, யார் கண்டது, நோயாளியின் உயிரோடு விளையாட முடியுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு விடை தரத்தான் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால், தேர்வுகளை எழுதித் தேறியவர்களும் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கிறார்கள் என்பதை அந்த விளக்கம் தொடுவதே இல்லை. உண்மையான அடைப்பு தேர்வுக்கு அப்பால் இருக்கிறது. மூத்த மருத்துவர் ஒருவரின் பார்வையில் உண்மையான நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை உருவாக்கப் பணம் வேண்டும். அதைத்தான் மாகாண அரசுகள் போதிய அளவில் தருவதில்லை. அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளே பிறகு அவர்களின் தகுதியைத் தின்றுவிடுகின்றன.

கனடா தன் குடியேற்றத்துக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது 1967இல். நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்து ஆள் எடுத்த பழைய வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. படிப்பு, மொழி, வயது, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வந்தன. அந்த மாற்றத்தால்தான் ஆசியர்கள் அந்த நாட்டுக்குப் பெருமளவில் போக முடிந்தது. அதன் இன்றைய வடிவமான 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' 2015 ஜனவரியில் தொடங்கியது. அதில் விண்ணப்பிக்கும் மருத்துவரின் பட்டத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் பொறுப்பு கனடா மருத்துவ மன்றத்துடையது. உரிமத்துக்கான முதல் தேர்வை நடத்துவதும் அதே மன்றம்தான். பட்டம் உண்மையானது, மருத்துவப் படிப்புக்கு நிகரானது என்று அது சொன்னதும் குடியேற்றத் துறை புள்ளிகளைக் கூட்டிக்கொள்கிறது. மருத்துவர் என்பதற்காகவே கூடுதல் புள்ளிகளோடு விசா வருகிறது. விமானத்திலிருந்து இறங்கிய பிறகு, மருத்துவராக வேலை செய்யும் உரிமம் மாகாணங்களின் கையில் இருக்கிறது என்று தெரியவருகிறது. கூட்டாட்சித் தலைநகர் ஒட்டாவா கதவைத் திறக்கிறது. மாகாணத் தலைநகரான டொராண்டோவோ வினிபெக்கோ அடுத்த கதவைப் பூட்டியே வைத்திருக்கிறது. இரு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே அரை நூற்றாண்டைக் கடத்திவிட்டன.

பாதை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். முதலில் சான்றுகள். படித்த கல்லூரியிலிருந்து அவை மன்றத்தால் நேரடியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். பிறகு மருத்துவ மன்றத்தின் தகுதித் தேர்வு. அடுத்தது, நடிகர்கள் நோயாளிகளாக உட்கார்ந்திருக்க, அறை அறையாகப் போய் விசாரித்து, பரிசோதித்து, முடிவு சொல்லும் செய்முறைத் தேர்வு. இவற்றுக்கான கட்டணம் பல ஆயிரம் டாலர். கிடங்கில் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்பவர் அதைச் சேர்க்க மாதங்கள் ஆகும். இத்தனையும் நம் ஊர் மருத்துவர்கள் சலிக்காமல் செய்துவிடுவார்கள். எம்பிபிஎஸ் சேருவதற்கே ஆயிரக்கணக்கானோரை முந்தி வந்தவர்களுக்குத் தேர்வு அச்சம் தருவதில்லை.

இதற்குப் பிறகுதான் ரெசிடென்சி. குடும்ப மருத்துவத்துக்கு இரண்டு ஆண்டு, பெரும்பாலான சிறப்புத் துறைகளுக்கு ஐந்து ஆண்டு, மருத்துவமனையில் சம்பளத்தோடு பயிற்சி. இந்த இடங்களை 'கார்ம்ஸ்' என்ற அமைப்பு நாடு முழுவதுக்குமாக ஒதுக்குகிறது. கனடாவில் படித்தவர்களுக்கென்று ஒரு வரிசை. வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று மிகச் சிறிய இன்னொரு வரிசை. இந்தச் சிறிய வரிசையிலும் குடியேறியவர்கள் தனியாக நிற்கவில்லை. உள்நாட்டில் இடம் கிடைக்காமல் அயர்லாந்துக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போய்ப் படித்துத் திரும்பும் கனடியப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான். அவர்களுக்கு அந்த நாட்டு உச்சரிப்பு உண்டு. பரிந்துரைக் கடிதம் எழுதித்தர அந்த நாட்டு மருத்துவர்களைத் தெரியும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து ஆண்டு மகப்பேறு பார்த்தவருக்கு அவை இரண்டும் இல்லை.

2025 அக்டோபரில் ஒன்டாரியோ அரசு இந்தப் போட்டியின் நடுவில் ஒரு புதிய விதியைப் போட்டது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் முதல் சுற்றில் விண்ணப்பிக்க வேண்டுமானால், அந்த மாகாணத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றது. முப்பது வயதில் குடியேறியவர் எந்தப் பள்ளிக்குப் போயிருப்பார்? தேர்வுகளை முடித்துவிட்டு விண்ணப்பத்தைத் தயார் செய்துகொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். சில வாரங்களில் அந்த ஆண்டுக்கு விதி கைவிடப்பட்டது. விதி போய்விட்டது. அதை எழுதத் தூண்டிய எண்ணம் எங்கும் போய்விடவில்லை. குடியேறியவர் எத்தனை தேர்வு எழுதினாலும் அவர் 'நம் பிள்ளை' ஆகமாட்டார் என்ற எண்ணம் அது. வாக்களிப்பவர்களின் பிள்ளைகளுக்கும், இன்னும் வாக்குரிமையே வராதவர்களுக்கும் இடையில் இடங்களைப் பங்கிடும்போது எந்த அரசும் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான். இடங்கள் குறைவாக இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது காலம் குறித்த விதிகள். மருத்துவம் கைப்பழக்கத்தில் நிற்கும் தொழில். சில ஆண்டுகள் நோயாளியைத் தொடாமல் இருந்தால் கை தடுமாறும், மருந்தின் அளவு மறக்கும்; புதிய சிகிச்சை முறைகள் வந்துவிடும். ஆகவே அண்மைக்கால அனுபவம் வேண்டும் என்று பதிவு மன்றங்கள் கேட்பதைக் குறைசொல்ல முடியாது. ரெசிடென்சிக்குத் தேர்ந்தெடுப்போரும் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று, கடைசியாக எப்போது மருத்துவம் பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்டாரியோவில் செவிலியராகப் பதிவு செய்ய, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பணி செய்ததற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் குடியேறியவர் கைப்பழக்கத்தை இழப்பது எங்கே? உரிமம் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும் அதே நாட்டில்தான். வேலை செய்யாததால் உரிமம் இல்லை, உரிமம் இல்லாததால் வேலை இல்லை. முதல் ஆண்டு மொழித் தேர்வுக்கும் சான்றுகளுக்கும் போகும். இரண்டாம் ஆண்டு வீட்டு வாடகைக்கு உழைத்தபடி முதல் தேர்வு. மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வு. நான்காம் ஆண்டு கார்ம்ஸில் இடம் கிடைக்காது. ஐந்தாம் ஆண்டு விண்ணப்பிக்கும்போது 'நீங்கள் மருத்துவம் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டதே' என்பார்கள்.

இதற்கிடையில் குடும்பம் இருக்கிறது. கணவன் மனைவி இருவருமே மருத்துவத் துறையினர் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. ஒருவர் சம்பாதிக்க வேண்டும். யார் படிப்பது என்ற முடிவு பெரும்பாலும் கணவனுக்குச் சாதகமாகவே முடிகிறது. 'அவர் முதல்ல பாஸ் பண்ணட்டும், அப்புறம் நான் எழுதிக்கிறேன்' என்று சொன்ன பெண்கள் பலருக்கு அந்த 'அப்புறம்' வரவே இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர்கள் பிஎஸ்டபிள்யூ வேலைக்குப் போனார்கள். முதியோரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டும் பணி. மதிப்புள்ள வேலைதான், உடல் நோகும் வேலையும்கூட. ஆனால் முதியவரின் மூச்சிரைப்பைக் கேட்டதும் இதயம் தளர்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர், அதைச் சொல்ல அதிகாரமில்லாமல் குறிப்பேட்டில் 'குளியல் முடிந்தது' என்று மட்டும் எழுதிவிட்டு வருவதில் அந்த முதியவருக்கும் இழப்பு இருக்கிறது.

செவிலியர் விஷயத்தில் ஒன்டாரியோ ஒரு நல்ல வழியைக் கண்டது. 2022 ஜனவரியில் மாகாணச் செவிலியர் பதிவு மன்றமும் 'ஒன்டாரியோ ஹெல்த்' அமைப்பும் சேர்ந்து, மேற்பார்வையின் கீழ் பணி அனுபவம் பெறும் திட்டத்தைத் தொடங்கின. எல்லாத் தகுதியும் இருந்து, அண்மைக்கால அனுபவமோ மொழித் திறனுக்கான சான்றோ மட்டும் குறையாக நிற்கிறவர்கள் ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ பதிவுபெற்ற செவிலியரின் மேற்பார்வையில் குறைந்தது 140 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். 140 மணி நேரம் என்றால் முழு நேரமாகச் செய்தால் ஒரு மாதம்கூட ஆகாது. அதன் முடிவில் கூடப் பணியாற்றியவர்கள் தரும் மதிப்பீட்டை அனுபவச் சான்றாகவும் மொழிச் சான்றாகவும் மன்றம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் பல இதனால் நகர்ந்தன. மொழித் தேர்வில் அரை மதிப்பெண் குறைந்ததற்காக மறுபடி மறுபடி கட்டணம் கட்டியவர்கள், நோயாளியோடு பேசியே தங்கள் மொழியை மெய்ப்பித்தார்கள்.

நோவா ஸ்கோஷியா இன்னொரு பக்கம் போனது. இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளில் பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 2023இல் விரைவுப் பாதை திறந்தது. ஓராண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த காகித வேலை வாரக்கணக்காகச் சுருங்கியது. எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் தேர்வில் நன்றாகத் தேறி நன்றாகப் பணியாற்றுகிறார்கள் என்பது அந்த மாகாணச் செவிலியர் பதிவு மன்றத்துக்கு ஆண்டுக்கணக்காகத் தெரியும், தெரிந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. இலங்கை அந்த ஏழில் இல்லை என்பது ஒரு குறை. சிறு நாடுகளிலிருந்து வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவென்பதால் அவர்களைப் பற்றிய தரவும் குறைவு. அவர்களுக்குத்தான் ஒன்டாரியோவின் 140 மணி நேர வழி தேவை. நாட்டைப் பார்த்து நம்புவதைவிட ஆளைப் பார்த்து நம்புவது நேர்மையானது.

மருத்துவர்களுக்கும் இதே போன்ற ஒரு வழி உண்டு. ஏற்கெனவே தங்கள் நாட்டில் பயிற்சி முடித்துத் தனியாக மருத்துவம் பார்த்தவர்களை மறுபடி இரண்டு ஆண்டு மாணவராக உட்கார வைக்காமல், 12 வாரம் ஒரு மருத்துவமனையிலோ கிராம மருத்துவ மையத்திலோ மூத்த மருத்துவரின் கண்முன் வேலை செய்ய வைத்து மதிப்பிடுவது. மேற்கு மாகாணங்களிலும் கியூபெக்கிலும் நெடுநாளாக இருந்த இந்த முறையை, மிகப் பெரிய மாகாணமான ஒன்டாரியோ 2023இல்தான் 'பிராக்டிஸ் ரெடி ஒன்டாரியோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. தேறியவர்கள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊர்களில் மூன்று ஆண்டு பணியாற்ற வேண்டும். 12 வாரத்தில் ஒரு குடும்ப மருத்துவர். அவரால் வடக்கிலோ சிற்றூரிலோ ஆயிரம் பேருக்கு மேல் மருத்துவம் கிடைக்கும். இரண்டு ஆண்டு ரெசிடென்சிச் செலவோடு ஒப்பிட்டால் அரசுக்கும் இது மலிவு.

அந்த நல்ல திட்டத்திலும் அதே ஓட்டை. அண்மைக்காலத்தில் மருத்துவம் பார்த்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதனால் இன்றும் சேலத்தில் கிளினிக் நடத்துகிறவர் விண்ணப்பிக்கலாம். ஏழு ஆண்டுக்கு முன் சேலத்தில் கிளினிக்கை மூடிவிட்டு டொராண்டோவுக்குக் குடியேறியவர் விண்ணப்பிக்க முடியாது. முன்னவர் இன்னும் கனடாவுக்கு வரவேயில்லை. பின்னவர் அங்கே வரி கட்டி, குடியுரிமையும் வாங்கியிருக்கலாம். 2025 டிசம்பரில் கூட்டாட்சி அரசு மருத்துவர்களுக்கென்று புதிய குடியேற்றப் பிரிவையும், மாகாணங்கள் பரிந்துரைக்கும் மருத்துவர்களுக்கு 5,000 இடங்களையும் அறிவித்தபோதும் இதையே காண முடிந்தது. கனடாவில் ஏற்கெனவே வேலை செய்கிற அல்லது வேலை வாய்ப்புப் பெற்ற மருத்துவருக்கு நிரந்தர வாழ்வுரிமை எளிதாகிறது. நல்லதுதான். நிரந்தர வாழ்வுரிமையும் இருந்து வேலை மட்டும் இல்லாதவருக்கு அந்த அறிவிப்பில் ஒன்றுமில்லை.

தடையை நீக்க வேறு வகையில் முயன்றவர்களும் இருக்கிறார்கள். ஒன்டாரியோ 2006இல் ஒரு சட்டம் இயற்றி, தொழில் பதிவு மன்றங்கள் குடியேறியவர்களை நியாயமாக நடத்துகின்றனவா என்று கண்காணிக்கத் தனி ஆணையர் பதவியை உருவாக்கியது. முதல் ஆணையராக அமர்த்தப்பட்டவர் ஜீன் அகஸ்டின். கிரெனடா தீவில் ஆசிரியராக இருந்த அவர் 1960இல் கனடாவுக்குள் நுழைந்தது வீட்டு வேலைக்காரராக. கரீபியப் பெண்களுக்கு அன்று திறந்திருந்த வாசல் அதுதான். மறுபடி டொராண்டோவில் ஆசிரியர் பயிற்சி பெற்று, பள்ளித் தலைமையாசிரியராகி, 1993இல் கனடா நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணானார். படித்த படிப்பை ஒளித்துவைத்துக்கொண்டு வேறொருவர் வீட்டைத் துடைப்பது என்னவென்று நேரில் அறிந்த ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது சரியான தேர்வு. மன்றங்கள் தங்கள் விதிகளை வெளிப்படையாக எழுதிவைக்கவும், காரணம் சொல்லாமல் நிராகரிப்பதை விடவும் நேர்ந்ததில் அந்தப் பதவிக்குப் பங்குண்டு. 2013இல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 'கனடிய அனுபவம்' கேட்பதே பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. 2022இல் வந்த சட்டம் மருத்துவத் துறைப் பதிவுகளில் அப்படிக் கேட்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

சட்டத்தால் ஒரு கேள்வியைத் தடைசெய்ய முடிந்தது. மருத்துவமனையில் ஒரு பயிற்சி இடத்தை அந்தச் சட்டத்தால் உண்டாக்க முடியவில்லை. அதற்கு வரவு-செலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும்.

இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெருந்தொற்று காட்டியது. 2020 வசந்தத்தில் ஒன்டாரியோ மருத்துவர் பதிவு மன்றம், தேர்வில் தேறிய வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு 30 நாள் உரிமம் தரத் தயாரானது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, வேறு நாடுகளில் உரிமம் பெற்றிருந்த மருத்துவர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கியது. சாவு வாசலில் நின்றபோது முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் முடிந்தது. அதன் பிறகு டென்னசி மாநிலம் 2023இல் சட்டம் இயற்றி, ரெசிடென்சியை மறுபடி செய்யாமலேயே மேற்பார்வையின் கீழ் தற்காலிக உரிமம் பெறும் வழியைத் திறந்தது. ஃபுளோரிடா 2024இல் அதேபோல் செய்தது. அரசியலில் குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்ப்பவர்கள் ஆளும் மாநிலங்கள் இவை. கிராமங்களில் மருத்துவர் இல்லை என்ற நெருக்கடி அவர்களையும் அசைத்திருக்கிறது.

பிரிட்டனில் நிலைமை சற்று வேறு. அங்கே 'பிளாப்' தேர்வில் தேறினால் பதிவு கிடைக்கும். பிறகு மருத்துவமனைகளில் மேற்பார்வையோடு கூடிய வேலைகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு மருத்துவர்கள் கனடாவைவிட பிரிட்டனை அதிகம் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். அகதியாக வந்த மருத்துவர்களுக்கென்று சால்ஃபோர்டில் 'ரீச்' என்ற மையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. மருத்துவ ஆங்கிலம், தேர்வுப் பயிற்சி, மருத்துவமனையில் சம்பளத்தோடு பழகும் பணி எல்லாம் ஒரே கூரையின் கீழ். அண்மைக்காலமாக பிரிட்டனிலும் பிளாப் தேறியவர்கள் வேலை கிடைக்காமல் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் போட்டு ஓய்ந்துபோகிறார்கள். தேர்வு எழுதுவோரை இரட்டிப்பாக்கிவிட்டு இடங்களைக் கூட்டாமல் விட்டதன் விளைவு அது.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2017இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதிய நோயாளிகளில், வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் கவனித்தவர்களிடையே 30 நாள் இறப்பு விகிதம் 11.2 சதவீதம், உள்நாட்டில் படித்தவர்கள் கவனித்தவர்களிடையே 11.6 சதவீதம் என்று கண்டது. அந்த மருத்துவர்கள் அனைவரும் அமெரிக்காவில் ரெசிடென்சி முடித்தவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. அதுதான் என் வாதமும்: மேற்பார்வையோடு பழக இடம் கொடுத்த பிறகு, எங்கே படித்தார் என்பது நோயாளிக்குத் தீங்காவதில்லை. வடிகட்டலைத் தளர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 12 வாரம் பார்த்தபின் தகுதியில்லை என்று தெரிந்தால் தயங்காமல் சொல்லிவிடலாம். அந்த மருத்துவரும் ஐந்து ஆண்டு ஏங்காமல் வேறு வழியைப் பார்த்துக்கொள்வார்.

டொராண்டோ பகுதியில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ் முதியோரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து போன தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. வேலைக்குப் போன காலத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலம், மறதி நோய் வந்ததும் முதலில் போய்விடுகிறது, எஞ்சுவது தமிழ். ஒன்டாரியோவில் வீட்டுப் பராமரிப்பில் இருந்து மருத்துவமனைக்குச் சென்ற முதியோரைப் பற்றி ஒட்டாவா ஆய்வாளர்கள் 2022இல் கனடிய மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ தாய்மொழியாக இல்லாதவர்கள், தங்கள் மொழி பேசும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றபோது மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படிச் சிகிச்சை கிடைத்தவர்களோ மிகச் சிலர். 'நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது' என்று ஒரு பாட்டி சொல்லும்போது அது வாயுத்தொல்லையா, மாரடைப்பின் தொடக்கமா, மகன் வந்து பார்க்காத ஏக்கமா என்று பிரித்தறிய அந்த மொழிக்குள் வளர்ந்த மருத்துவரோ செவிலியரோ வேண்டும். அவர்கள் அதே நகரத்தில் இருக்கிறார்கள். வேறு வேலை பார்க்கிறார்கள்.

ஈழத்திலிருந்து போனவர்களுக்குச் சான்றிதழ்களே ஒரு போராட்டம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியவர்களிடம் காகிதம் எங்கே இருக்கும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதன் முதல் முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதி போருக்குள் கழிந்தது. குண்டு வீச்சுக்கிடையே, மருந்தும் மின்சாரமும் இல்லாமல் அறுவை சிகிச்சை செய்து பழகிய மருத்துவர்களை உருவாக்கிய பீடம் அது. அந்த அனுபவத்தை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இன்று சிரியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வருபவர்களுக்கும் இதே சிக்கல். ஐரோப்பிய மன்றம் 2017இல் அகதிகளுக்கென ஒரு தகுதிக் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தது. காகிதம் இல்லாதவரை நேர்காணல் செய்து, என்ன படித்திருக்கிறார் என்று நிபுணர்கள் எழுதித்தரும் முறை. தொழில் உரிமத்துக்கு அது மட்டும் போதாது. ஆனால் வரிசையிலேயே நிற்க முடியாதவருக்கு வரிசையில் ஓர் இடம் தருகிறது.

இதை எழுதும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் உக்ரைனிலும் மருத்துவம் படித்துத் திரும்பும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். கடினமான தேர்வு, இருக்கட்டும். தேறிய பிறகு சிஆர்ஆர்ஐ எனப்படும் உள்ளிருப்புப் பயிற்சிக்கு மருத்துவக் கல்லூரிகளில் இடம் தேடி அலைகிறார்களே, அதற்கு என்ன பதில்? கல்லூரியின் பயிற்சி இடங்களில் 7.5 சதவீதம்தான் இவர்களுக்கு என்று தேசிய மருத்துவ ஆணையம் வரம்பு வைத்தது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் காலியிடங்கள் இருக்கும்போதே, தேர்வில் தேறிய மருத்துவர் பயிற்சி இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நாடு வேறு, அடைப்பு ஒன்றே.

இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஒரு செவிலியரை உருவாக்க நாம் செலவழிக்கிறோம். அவரை வசதியான நாடு கூட்டிப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஆள்சேர்ப்பு நெறிமுறை, ஏழை நாடுகளின் மருத்துவப் பணியாளர்களை வாரிச் செல்லாதீர்கள், உங்களுக்கு வேண்டியவர்களை நீங்களே உருவாக்குங்கள் என்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுத்தந்து அனுப்புகிறது. போவது அவரவர் உரிமை. குடும்பம் கரையேறும் வழி. அதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களைக் கிடங்கில் நிறுத்திவிட்டுப் புதியவர்களைத் தேடி வருவது இரு பக்கமும் இழப்பு. நம்மிடமிருந்து ஒருவர் போகிறார், அங்கே நோயாளிக்கும் அவர் கிடைப்பதில்லை.

போக முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விசா வந்ததும் வேலையை விட்டுவிடாதீர்கள். விமானம் ஏறும் வாரம்வரை பணியில் இருங்கள். பணி அனுபவக் கடிதத்தில் துறை, தேதி, மணிக்கணக்கு எல்லாம் எழுதி வாங்குங்கள். மருத்துவர்கள் கனடா மருத்துவ மன்றத்தின் முதல் தேர்வை இந்தியாவில் இருந்தபடியே எழுத முடியும். எழுதிவிட்டுப் போனால் இரண்டு ஆண்டு மிச்சம். ஆள்சேர்ப்பு முகவர் சம்பளத்தைச் சொன்னால், எந்த வகை உரிமம், யார் மேற்பார்வை, எந்த மருத்துவமனை என்று எழுத்தில் கேளுங்கள். அவர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் வேறு முகவரைத் தேடுங்கள்.

கனடாவில் வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 12 வார மதிப்பீட்டில், ஏற்கெனவே நாட்டில் வாழ்பவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அவர்கள் தேர்வுகளுக்குச் செலவழித்த ஆண்டுகளை 'மருத்துவம் பார்க்காத காலம்' என்று கணக்கில் எடுக்கக் கூடாது. கைப்பழக்கம் குறைந்திருந்தால் 12 வாரத்தை 20 ஆக நீட்டலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருப்பதுபோல, முழு உரிமம் இல்லாத மருத்துவர் மேற்பார்வையின் கீழ் சம்பளத்துக்கு வேலை செய்யும் துணை மருத்துவர் பதவியை எல்லா மாகாணமும் கொண்டுவந்து, அங்கே உழைத்த காலத்தை உரிமத்துக்கான அனுபவமாகச் சேர்க்க வேண்டும். மேற்பார்வையிடும் மூத்த மருத்துவரின் நேரத்துக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு நாற்பது நோயாளிகளைப் பார்ப்பவரிடம் இன்னொருவரையும் கவனியுங்கள் என்று இலவசமாகக் கேட்டால் அவர் எப்படிச் சம்மதிப்பார்? ஒன்டாரியோ சட்டமன்றத்தில் இன்று தமிழ் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஒட்டாவா அமைச்சரவையிலும் தமிழர் இருக்கிறார். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கவைத்த சமூகத்துக்கு, அடுத்த வரவு-செலவுத் திட்டத்தில் எத்தனை மேற்பார்வை இடங்களுக்குப் பணம் ஒதுக்கினீர்கள் என்று தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் எண்ணிக்கை கேட்கும் வலிமை உண்டு.